போலந்துக்கு ஒரு மாதத் தவணை

எட்டாம் வகுப்பில் ஒரு மணி இருபது நிமிடம் நான் ரஷ்யாவை ஆண்டேன். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்படத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறியாயிற்று. மீசை வைத்துக்கொண்டு ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம், பிப்ரவரி மாதம். நியூஜெர்ஸி எடிசனில் ஓர் அப்பார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் அப்பா, அம்மா, நான். வகுப்பில் நான் வாயைத் திறக்காத பிள்ளை. அதே மாதத்தில், ஐம்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், கருங்கடல் ஓரத்தில் யால்டா என்ற ஊரில் மூன்று நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசியிருந்தார்கள். யுத்தம் முடியப் போகிறது, முடிந்ததும் யாருக்கு எது, யார் எங்கே என்பதுதான் பேச்சு. அதை அப்படியே வகுப்பில் நடத்திப் பார்க்கலாம் என்று எங்கள் சரித்திர டீச்சர் முடிவு செய்தார். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நாடகம் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று பிள்ளைகள், என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல். பேசி, மூன்று நாடும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு, அந்தத் தாளினால் ஐந்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று ஒவ்வொரு நாடும் ஒரு பக்கம் எழுத வேண்டும். பெற்றோர்கள் வந்து பார்க்கலாம், பரிசும் உண்டு.

அமெரிக்கத் தலைவர் சக்கர நாற்காலியில் இருந்தவர் என்பதால் பையன்கள் அத்தனை பேரும் அந்த வேஷத்துக்கு அடித்துக்கொண்டார்கள். சுருட்டு பிடிக்கும் ஆங்கிலேயருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ரஷ்யாவை மட்டும் யாரும் சீந்தவில்லை. அந்த நாடு உடைந்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. தோற்ற கட்சிக்கு யார் போவார்கள். டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தான்யா,” என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தப் பெயருக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. அப்பா கோவில்பட்டிக்காரர். அவர் படித்த காலத்தில் சோவியத் நாட்டிலிருந்து வழுவழுப்பான தாளில் தமிழிலேயே ஒரு பத்திரிகை வரும். சந்தா கட்டினால் காலண்டர் இலவசம். ஊரில் பாதிப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அந்தத் தாளில்தான் அட்டை. கணக்கு நோட்டில் டிராக்டர், பூகோள நோட்டில் விண்வெளி வீரர். கல்லூரியில் அப்பா ஒரு நட்புறவு வாசகர் வட்டத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். காலண்டரை ஆணியில் மாட்டுவதும் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு டீ சொல்வதும்தான் செயலாளரின் வேலை. இரண்டையும் திறம்படச் செய்ததாகக் கேள்வி. அங்கே படித்த ஏதோ ஒரு குழந்தைக் கதையிலிருந்து எனக்குப் பெயர் வந்தது. அமெரிக்காவில் கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று வைத்த பெயர் என்று அம்மா மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் மன்ஹாட்டன் ரயிலிலிருந்து இறங்கி வந்து தோசையில் கை வைத்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பிய்த்த துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

“யாரு வேஷம்? மீசைக்காரர் வேஷமா?”

அப்புறம் பிடிக்க முடியவில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசுகிறவர் என்று நான் நினைத்திருந்த மனிதர், ஊறுகாய் பாட்டிலை ஜெர்மனியாகவும் தயிர்க் கிண்ணத்தைப் போலந்தாகவும் வைத்து மேஜையிலேயே யுத்தத்தை நடத்திக் காட்டினார். “பாப்பா, மேற்குப் பக்கத்துலருந்து நாங்களும் ஜெர்மனிய அடிக்கோம், செகண்ட் ஃபிரண்ட் ஓப்பன் பண்றோம், ஓப்பன் பண்றோம்னு ரெண்டு வருஷம் இழுத்தடிச்சாங்க. அத்தனை நாளும் தனியா நின்னு அடி வாங்குனது யாரு? அதைக் கேக்காம விட்டுராத.”

ஆனால் பள்ளி நூலகத்தில் நான் படித்ததில் மீசைக்காரர் தன் சொந்த ஜனங்களையே சிறை முகாம்களுக்கு அனுப்பினார் என்று இருந்தது. மறுநாள் அதைக் கேட்டேன். அப்பா தயிர்க் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்தார். “அதெல்லாம் அந்தப் பத்திரிகையில வரல பாப்பா,” என்றார். பிறகு, நல்லவர் என்று நிரூபிக்க வேண்டாம், அந்த நாட்டுக்கு என்ன பயம் என்று மட்டும் புரியவை என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அம்மாவுக்குப் போதுமாக இல்லை. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒரு கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. என் மாநாடு வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நியூவார்க்கில் கிரீன் கார்டு இன்டர்வியூ. அப்பாவின் வேலை விசாவுக்கு ஆறு வருஷம்தான் கெடு. அது கோடையோடு முடிகிறது. கார்டு கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். காத்திருந்த காலத்தில் அம்மா ஊர்ப்பக்கமே போகவில்லை. தன் தங்கை கல்யாணத்தை வீடியோ காசெட்டில்தான் பார்த்தாள். எப்படியானாலும் ஆகட்டும் என்று பாதி அடுக்கிய ஒரு பெட்டி எப்போதும் கட்டிலுக்கடியில் இருக்கும். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா? அப்பா ‘இல்லை’ என்று குறித்திருந்தார். அது உண்மைதான்.

“ஏங்க, இன்டர்வியூவ வச்சிக்கிட்டு பிள்ளைக்கு ரஷ்யாவச் சொல்லிக் குடுக்கீங்க. நீங்க செக்ரட்டரியாலா இருந்தீங்க?” என்றாள் அம்மா.

“அது கட்சி இல்ல. நான் டீ சொன்னேன், அவ்வளவுதான்.”

“அதை இன்டர்வியூ எடுக்கவன்கிட்டச் சொல்லுங்க. டீ சொன்னேன்னு.”

“ஸ்கூல் ப்ராஜெக்ட்டும்மா இது. பிள்ளை வாயைத் திறக்கப் போறதே இதுதான் முதல் தடவை.”

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலேயே எங்கள் மும்முனைப் பேச்சு அரைமணி நேரம் நடந்தது. நான் இங்கிலீஷில் அழுதேன், அவர்கள் தமிழில் சண்டை போட்டார்கள். கடைசியில் அம்மா கத்தியைக் கீழே வைத்து, “சரி, அளவோட செய்யட்டும்,” என்றாள். மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். அந்த ‘அளவு’ எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவேன் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். போட்டோ எடுக்காமல் பார்த்துக்கொண்டால் சரி என்று அப்பா எடுத்துக்கொண்டார். மீசை வைக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். என் மேல் அப்பாவின் குளிர்காலக் கோட்டு, கை இரண்டு மடிப்பு மடித்தது. மீசை, பாத்ரூமில் அம்மாவின் கண்மையால் நானே வரைந்தது. முன் வரிசையில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அப்பா கைகட்டி உட்கார்ந்திருந்தார், ஆனால் பாதத்தால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நாற்காலிக்காரருக்கு என்னிடம் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஜப்பானோடு அவர்கள் செய்யும் யுத்தத்தில் நான் சேர வேண்டும். உலக நாடுகளுக்கென்று தொடங்கப்போகும் சபையில் நான் உட்கார வேண்டும். ஜெர்மனி விழுந்த இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான்மேல் படை அனுப்புகிறேன் என்றேன். சபையில் என் குடியரசுகளுக்கெல்லாம் சேர்த்துப் பதினாறு ஓட்டு கேட்டு, மூன்றுக்கு இறங்கி வந்தேன். பதினாறு எப்படியும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் அம்மா பேரம் பேசிப் புடவை வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படி இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுத்தான் போலந்துக்கு வந்தேன்.

சுருட்டுக்காரர் எழுந்து, போலந்துக்காகத்தான் நாங்கள் இந்த யுத்தத்திலேயே இறங்கினோம் என்றார். சுருட்டுக்குப் பதில் கையில் ஓர் உப்புப் பிஸ்கட் குச்சி. பேசப் பேசக் கடித்து முக்கால்வாசியைத் தின்றிருந்தார். நான் எழுந்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முப்பது வருஷத்தில் இரண்டு தடவை போலந்து என்ற அந்த வாசல் வழியாகத்தான் எதிரி என் வீட்டுக்குள் வந்தான் என்றேன். உங்களுக்குச் சுற்றிலும் கடல், எனக்குச் சுற்றிலும் சமவெளி என்றேன். வந்து கை கொடுங்கள் என்று நான் கூப்பிட்டபோது இரண்டு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் நட்பான ஆள் இருக்க வேண்டும் என்று நினைப்பது தப்பா என்று முடித்தேன்.

அங்கே சுதந்திரமான தேர்தல் நடக்க வேண்டும் என்றார் நாற்காலிக்காரர். நடத்துகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். நிஜ மீசைக்காரர் அன்று சொன்னதைப் புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். அதையே சொன்னேன்: ஒரு மாதத்தில்.

யார் மேற்பார்வை பார்ப்பது, ஓட்டை யார் எண்ணுவது என்று அவர்கள் கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கினோம். என் மீசை சுருட்டுக்காரரின் சட்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அடுத்து அந்த ஐந்து வருஷத்துக்குப் பிந்தைய பக்கம். மற்ற இரண்டு நாடுகளும் உலகம் அமைதியாக இருக்கும் என்று எழுதின. நான் எழுதியது வேறு. எதிரி இருக்கும்வரைதான் இந்தத் தாள் எங்களைச் சேர்த்து வைக்கும்; அவன் போனதும் ‘சுதந்திரம்’ என்ற ஒரே சொல்லை நான் ஒரு மாதிரியும் அவர்கள் ஒரு மாதிரியும் படிப்போம்; ஜெர்மனி இரண்டாக இருக்கும்; யாரும் சுடமாட்டார்கள், யாரும் நிம்மதியாகத் தூங்கவும் மாட்டார்கள். இதை எப்படி யோசித்தாய் என்று டீச்சர் கேட்டார். எங்கள் அடுப்படியில் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் பரிசு எனக்குத்தான்.

பரிசு கொடுக்கும்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம். எங்கள் ஊரில் இலவசமாக வரும் வாரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். அப்பா பாதி எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. கோட்டும் மீசையுமாக நான், கீழே என் பெயர், அப்பாவின் பெயர். ரஷ்யாவின் புதிய தலைவி என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “கோவில்பட்டியிலருந்து எடிசன் வரைக்கும் இந்த ரஷ்யா நம்மள விடாது போலுக்கு,” என்றாள்.

அப்பா கார் சாவியை எடுத்தார். ஓக் ட்ரீ ரோட்டில் எல்லா மளிகைக் கடை வாசலிலும் அந்தப் பத்திரிகையைக் கட்டாக அடுக்கியிருப்பார்கள். குடியேற்ற ஆபீஸ்காரர்கள் சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்க ஓக் ட்ரீ ரோட்டுக்கு வருவார்கள் என்று அப்பா எப்படி நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடை கடையாக இறங்கி, கட்டுக் கட்டாக எடுத்து டிக்கியில் போட்டோம். பேர் கெடக்கூடாது என்று ஒவ்வொரு கடையிலும் கொத்துமல்லி ஒரு கட்டு வாங்கினார். வீடு திரும்பும்போது காரே மணத்தது.

கடைசிக் கடையில் மட்டும் தோற்றுப்போனோம். அந்தக் கடைக்கார அங்கிள் என் படத்தை வெட்டிக் கல்லாவுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியே விட்டிருந்தார். “நம்ம பொண்ணு பேப்பர்ல வந்திருக்கு சார், எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்,” என்றார். எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அப்பா வாயைத் திறந்தார். அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, கொஞ்சம் கோணலா இருக்கு என்று சொல்லி, தன் கையாலேயே நேராக ஒட்டிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை நியூவார்க்கில் லிஃப்ட்டுக்குள் அம்மா என் காலரைச் சரிசெய்தாள். “ஏட்டி, கேட்டா மட்டும் பதில் சொல்லு. சரித்திரம் பேசாத,” என்றாள்.

எங்களைக் கூப்பிட்ட அதிகாரி வயதானவர், சாம்பல் நிறக் கண்கள். கதவில் அவர் பெயர்ப் பலகை. நீளமான பெயர், ‘ஸ்கி’ என்று முடிந்தது. என் மனசு துள்ளியது. மாநாட்டுக்காகப் படித்த புத்தகங்களில் இப்படி முடிகிற ரஷ்யப் பெயர்கள் நிறைய வந்தன. ரஷ்யர் என்று முடிவு கட்டிவிட்டேன். நம்ம ஆள்.

அவர் அப்பாவின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் பாஸ்போர்ட்டுக்கு வந்ததும் நிமிர்ந்தார். தான்யா, இது ரஷ்யப் பெயராயிற்றே, இந்தியக் குழந்தைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அமெரிக்காவில் கூப்பிடச் சுலபமாக இருக்கும் என்ற பதில் அம்மாவிடம் தயாராக இருந்தது. நான் முந்திக்கொண்டேன். அப்பா சின்ன வயதில் ரஷ்யக் கதைகள் படிப்பார் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். போன வாரம் யால்டா மாநாட்டில் நான்தான் ரஷ்யாவின் தலைவர் என்றும் சொன்னேன். அம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது, வலித்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்படியா. போலந்தை என்ன செய்தாய்?”

“தேர்தல் நடத்துவதாகச் சொன்னேன்.”

“எப்போது?”

“ஒரு மாதத்தில்,” என்றேன், ஒரு நாட்டுத் தலைவருக்குரிய மிடுக்கோடு.

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு மாதம் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “எங்கள் அப்பாவும் ஒரு மாதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று சாகும்வரை பெட்டியைப் பிரிக்கவே இல்லை,” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய அப்பாவும் ரஷ்யாமேல் ரொம்பப் பாசமாக இருந்திருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டு, அனுதாபத்தோடு தலையாட்டினேன்.

அவர் என் அப்பாவின் பக்கம் திரும்பினார். இதற்கெல்லாம் இவளுக்கு நீங்கள் உதவினீர்களா என்று கேட்டார். இல்லை, பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆறு வருஷமும் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எஸ் சார். ஐ ஹெல்ப்ட் ஹெர். ஷி காட் ஃபர்ஸ்ட் பிரைஸ்,” என்றார் அப்பா.

சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தார். டாக்ஸ் காகிதம், சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தப் பத்திரிகைப் படம் இருந்தது. ஊரையே சுற்றிப் பொறுக்கி ஒளித்துவைத்த மனிதர், அதில் ஒன்றை உறை போட்டு நியூவார்க் வரைக்கும் கொண்டு வந்திருக்கிறார். அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதிகாரி படத்திலிருந்த என் மீசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டார், கட்சிக் கேள்வி உட்பட. இல்லை சார் என்றார் அப்பா. அவர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, மூன்று பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினார். எழுந்திருக்கும்போது, இந்தப் படத்தை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் காரில் நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் ரஷ்யர், அதனால்தான் என் பதில் பிடித்துப்போய் முத்திரை குத்தினார் என்று விளக்கினேன். நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்றும் சொன்னேன். இருவரும் மறுக்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மா கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை இழுத்து ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்து வைத்தாள். எங்கள் வீட்டுக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி முதல் வருஷத்தில் விடுதி அறைத்தோழியின் பெயரும் அப்படித்தான் முடிந்தது. நீ ரஷ்யாவா என்று உரிமையோடு கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: எங்கள் பக்கத்தில் அது போலந்துப் பெயர், எங்கள் தாத்தாவிடம் மட்டும் இப்படிக் கேட்டுவிடாதே. அங்கேயே கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் என்று மிடுக்காகச் சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. நிஜ மீசைக்காரர் சொன்ன அந்தத் தேர்தல் ஒரு மாதத்தில் நடக்கவே இல்லை; அதிகாரியின் அப்பா பிரிக்காத பெட்டி எங்கே திரும்பிப் போகக் கட்டியது என்பது ஐந்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த மனிதர் அதையும் கேட்டுக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறார்.

உடனே வீட்டுக்குப் போன் பண்ணினேன்.

“அப்பா, அந்த ஆபீஸர் போலந்துக்காரர்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கதவுல பேரைப் பார்த்தப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா அந்தப் படத்தை எடுத்துக் குடுத்தீங்க?”

போனுக்குள் அம்மா தாளிக்கும் சத்தம் கேட்டது.

“நீ ஃபர்ஸ்ட் பிரைஸ்லா வாங்கியிருந்த, பாப்பா,” என்றார்.